முப்பத்தேழு விநாடி தாமதமாக வந்த குரல்

போன வருடம் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். துணை இல்லாமல் எழுந்திருக்கவே கூடாது. இன்னொரு தடவை விழுந்தால் கஷ்டம்.

அப்பாவின் கட்டில் கீழே முன்னறையில். நான் தூங்குவது, வேலை பார்ப்பது எல்லாம் மாடியில். அம்மா பக்கத்திலேயே படுத்திருப்பாள், ஆனால் அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அப்பாவுக்கோ சத்தமாகக் கூப்பிடத் தெம்பில்லை. நான் 20 வருடமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஒரு அறையின் சத்தத்தை இன்னொரு அறைக்குக் கொண்டுபோவது எனக்கு ஒரு வேலையா என்று நினைத்தேன்.

கீழே ஒரு பழைய லேப்டாப்பை வைத்து மைக்கைச் செருகினேன். மாடியில் என் கணினி. இரண்டிலும் லினக்ஸ். ஏரெக்கார்ட் என்றொரு கட்டளை உண்டு, மைக்கில் கேட்பதை எண்களாகக் கொட்டும். ஏப்ளே என்பது அந்த எண்களை வாங்கி ஸ்பீக்கரில் வாசிக்கும். நடுவில் எஸ்எஸ்ஹெச் என்ற குழாயைப் போட்டால் முடிந்தது. ஒரே வரி. அப்பா இருமியது மாடியில் உடனே கேட்டது. ராத்திரி 10 மணிக்கு ஓடவிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை 6 மணிக்கு அம்மா படிக்கட்டின் அடியில் நின்று கத்துகிறாள். "என்னடா, அப்பா கூப்பிட்டது காதுல விழலையா? அவரா எழுந்து கட்டிலைப் பிடிச்சுண்டு நிக்கிறார்டா!" நான் அறை வாசலுக்கு ஓடி வந்தேன். "இல்லம்மா, சத்தமே வரலையே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எனக்குப் பின்னால் மேஜையிலிருந்த ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் கேட்டது. "தம்பி... தம்பி..."

அப்பா விழவில்லை. அம்மா அதற்குள் பிடித்து உட்கார வைத்திருந்தாள். ஆனால் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது.

பிறகு ஒரு சோதனை செய்தேன். கீழே அம்மாவை ஒரு எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டச் சொல்லி, அந்த நொடியில் மொபைலில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன். டிங் என்ற சத்தம் ஸ்பீக்கரில் வந்தபோது 37 விநாடி ஆகியிருந்தது.

ராத்திரி உடனுக்குடன் கேட்ட சத்தம் காலையில் 37 விநாடி தாமதம். எதுவும் அறுந்துபோகவில்லை, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எல்லா எண்களும் ஒன்றுகூட விடாமல் வந்து சேர்ந்திருந்தன. அந்த "ஒன்றுகூட விடாமல்" என்பதில்தான் கோளாறே இருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. புரிந்தவரை இங்கே எழுதி வைக்கிறேன்.

அளவு ஒரு பிரச்சினையே இல்லை

ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. மைக் அதை மின்னழுத்தமாக மாற்றும். கணினியில் இருக்கும் ஒலி அட்டை அந்த மின்னழுத்தத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து அளந்து எண்ணாக எழுதும். நான் வைத்திருந்தது விநாடிக்கு 16,000 அளவுகள். ஒவ்வொரு அளவும் 2 பைட். ஆக விநாடிக்கு 32,000 பைட். மனிதக் குரலுக்கு இது தாராளம். பழைய டெலிபோன் விநாடிக்கு 8,000 அளவு, ஒவ்வொன்றும் 1 பைட் என்றே காலம் தள்ளியது. இசைக்கான சிடியில் விநாடிக்கு 44,100 அளவு, இடம் வலம் என்று இரண்டு தடம், ஒவ்வொரு அளவும் 2 பைட். அதைக் கணக்குப் போட்டாலும் விநாடிக்கு 1,76,400 பைட்தான்.

இன்றைய வீட்டு வைஃபைக்கு இதெல்லாம் ஒரு தூசு. மொபைலில் ஒரு சினிமாவைப் பார்க்கும்போது இதைவிடப் பல மடங்கு ஓடுகிறது. அதனால் ஒலியை அனுப்புவதில் என்ன கஷ்டம் என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

கஷ்டம் நேரத்தில் இருக்கிறது. ஒரு கோப்பை அனுப்பும்போது நடுவில் 2 விநாடி வைஃபை நின்றுபோனால் பரவாயில்லை, பிறகு வேகமாக அனுப்பி ஈடுகட்டிவிடலாம். ஒலியில் அது முடியாது. ஸ்பீக்கர் விநாடிக்கு 16,000 எண்களைத்தான் வாசிக்கும், கூடுதலாகக் கொடுத்தாலும் அவசரப்படாது. 2 விநாடி நின்றுவிட்டு அந்த 2 விநாடிச் சத்தமும் மொத்தமாக வந்து சேர்ந்தால், ஸ்பீக்கர் அதை முதலிலிருந்து நிதானமாக வாசிக்கும். அதற்குள் புதுச் சத்தம் வந்து வரிசையில் நிற்கும். அந்த 2 விநாடித் தாமதம் அதற்குப் பிறகு தீரவே தீராது. அடுத்த தடவை ஒரு விநாடி நின்றால் தாமதம் 3 விநாடி. தாமதம் கூடும், ஒருபோதும் குறையாது.

எங்கள் வீட்டில் ஒன்பது இஞ்ச் சுவர். ரவுட்டர் மாடியில். வைஃபை ராத்திரி முழுக்க அரை விநாடி, ஒரு விநாடி என்று நின்று நின்று போயிருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. நான் போட்ட எஸ்எஸ்ஹெச் குழாய் சுமார் 2 மெகாபைட் வரை தனக்குள் தேக்கி வைத்துக்கொள்ளும். விநாடிக்கு 32,000 பைட் என்றால் அது ஒரு நிமிடத்துக்கும் மேலான சத்தம். அந்தக் குழாய்க்குள்தான் அப்பாவின் குரல் 37 விநாடி வரிசையில் நின்றிருக்கிறது.

பந்தியில் சாம்பார்

எஸ்எஸ்ஹெச் ஓடுவது டிசிபி என்ற விதிமுறையின் மேல். இணையத்தில் நாம் செய்யும் பெரும்பாலான வேலைகள் அதன் மேல்தான் ஓடுகின்றன. டிசிபி இரண்டு வாக்குறுதி தருகிறது. அனுப்பியது எல்லாம் போய்ச் சேரும், அனுப்பிய வரிசையிலேயே சேரும். நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்பும். அது வந்து சேரும்வரை, அதற்குப் பின்னால் வந்த பாக்கெட்டுகள் தயாராக இருந்தாலும் வெளியே விடாது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளிக்காரர் உங்களைத் தாண்டிப் போய்விட்டார். ரசம் வந்துவிட்டது. டிசிபி பரிமாறுபவராக இருந்தால் என்ன செய்வார்? "சாம்பார் வரும்வரை யாரும் ரசத்தைத் தொடக்கூடாது" என்று மொத்தப் பந்தியையும் நிறுத்திவிடுவார். நிஜத்தில் நாம் என்ன செய்வோம்? சாம்பார் போனால் போகட்டும் என்று ரசம் சாதம் சாப்பிடுவோம். மோர் சாதத்துக்கு இலையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வரும் சாம்பாரை வேண்டாம் என்று கையைக் காட்டி மறுத்துவிடுவோம்.

பேச்சும் அப்படித்தான். ஒரு வார்த்தையின் நடுவே 20 மில்லிவிநாடி காணாமல் போனால் காது பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. தாமதமாக வந்த துண்டு, வராத துண்டு இரண்டும் ஒன்றுதான்.

எல்லா ஒலிக்கும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். பாட்டு கேட்பதற்கு டிசிபி ரொம்ப நல்லது. அரை நிமிடப் பாட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் நடுவில் நெட் நின்றாலும் தெரியாது. பாட்டு எப்போது பாடப்பட்டது என்பது நமக்கு முக்கியமில்லை. கிரிக்கெட்டில் இந்தத் தாமதம் லேசாக உறைக்கும். நம் மொபைலில் பவுலர் இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பார், எதிர்வீட்டு டிவியில் விக்கெட் விழுந்து ஓவென்று கத்துவார்கள். எதிரே இருப்பவர் நம்மைக் கூப்பிடுகிறார் என்றால்தான் தாமதம் ஆபத்தாகிறது. தொலைபேசி உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்று ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு பரிந்துரைக்கிறது. அதைத் தாண்டிப் போகப்போக, இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, இருவரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று ஆகிவிடும்.

இதை 1974-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்

நான் தடுக்கி விழுந்த இந்த இடத்தில் எனக்கு முன்னால் யாராவது விழுந்திருப்பார்களே என்று தேடினேன். விழுந்திருக்கிறார்கள், நான் பிறப்பதற்கு முன்பே.

இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் மனிதக் குரலை அனுப்பிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் டேனி கோஹன். இஸ்ரேலில் பிறந்தவர், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்தார். 1974-ல் அங்கிருந்து அமெரிக்காவின் மறுகோடியில் இருந்த எம்ஐடி லிங்கன் ஆய்வுக்கூடத்துக்கு நேரடியாகக் குரல் போனது. அன்றைக்கு ஆர்பாநெட் இணைப்பின் வேகம் விநாடிக்கு 50,000 பிட். சாதாரண டிஜிட்டல் டெலிபோன் குரலுக்கே 64,000 பிட் வேண்டும். அதனால் குரலைச் சுருக்கும் வேலை பெரிதாக நடந்தது. அதே ஆண்டின் இறுதியில் விநாடிக்குச் சுமார் 3,500 பிட் அளவுக்குச் சுருக்கிய குரலையும் அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றியது இன்னொன்று. ஆர்பாநெட் வழக்கமாகச் செய்திகளை வரிசை தவறாமல், தொலையாமல் கொண்டுபோகும். அதுவே குரலுக்குத் தொந்தரவாக இருந்தது. அதனால் அவர்கள் அந்தக் கட்டுப்பாடுகள் இல்லாத தனிவகைப் பாக்கெட்டுகளைப் பயன்படுத்தினார்கள். போனால் போகட்டும், ஆனால் நிற்காதே. அவர்கள் வகுத்த குரல் விதிமுறை 1977-ல் ஆர்எஃப்சி 741 என்ற எண்ணில் வெளியானது.

அப்போது டிசிபி என்பது ஒரே பெரிய கட்டாக இருந்தது. விலாசம் பார்த்துக் கொண்டுபோவதும் அதன் வேலை, தொலையாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. குரலை அனுப்புபவனுக்கு முதல் வேலை மட்டும் போதும், இரண்டாவதை என் தலையில் கட்டாதீர்கள் என்று கோஹன் வாதாடினார். 1978-ல் விண்ட் செர்ஃப், ஜான் போஸ்டல் ஆகியோருடன் நடந்த விவாதங்களின் முடிவில் டிசிபி இரண்டாகப் பிரிந்தது. விலாசம் பார்த்துக் கொண்டுபோகும் பகுதி ஐபி ஆனது. தொலையாமல் பார்த்துக்கொள்ளும் பகுதி டிசிபி என்ற பெயரிலேயே அதன் மேல் உட்கார்ந்தது. டிசிபி வேண்டாதவர்களுக்காக 1980 ஆகஸ்டில் போஸ்டல் யுடிபி என்ற சின்ன விதிமுறையை எழுதினார். மூன்றே பக்கம். அதன் தலைப்புப் பகுதி 8 பைட்தான். எந்த வாக்குறுதியும் தராது. போட்டதைக் கொண்டுபோய்ப் போடும், அவ்வளவுதான்.

இன்று நாம் டிசிபி/ஐபி என்று நடுவில் ஒரு கோடு போட்டு எழுதுகிறோமே, அந்தக் கோட்டுக்குப் பின்னால் மனிதக் குரலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கல்லூரியில் இதைப் பரீட்சைக்குப் படித்தேன், மார்க்கும் வாங்கினேன். ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு கடிகாரங்கள்

யுடிபிக்கு மாறினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி நான் எதிர்பார்க்காதது.

கீழே இருக்கும் ஒலி அட்டைக்கும் மாடியில் இருக்கும் ஒலி அட்டைக்கும் தனித்தனியாக ஒரு குவார்ட்ஸ் படிகம் கடிகாரமாக இருக்கிறது. இரண்டும் விநாடிக்கு 16,000 என்று சொல்லிக்கொள்கின்றன. ஆனால் எந்த இரண்டு படிகமும் துல்லியமாக ஒன்றுபோல் துடிப்பதில்லை. கீழே 16,000 அளக்கும் நேரத்தில் மாடியில் 15,999 வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஒரு எண் மிச்சம். ஒரு மணி நேரத்தில் 3,600. ராத்திரி 10 முதல் காலை 6 வரை 8 மணி நேரத்தில் 28,800. அது 1.8 விநாடிச் சத்தம். வைஃபை ஒரு தடவைகூட நிற்காவிட்டாலும், விடியும்போது அப்பாவின் குரல் ஏறக்குறைய 2 விநாடி பின்தங்கியிருக்கும். மாறாக மாடியில் இருப்பது வேகமான கடிகாரம் என்றால், எண்கள் தீர்ந்துபோய் அவ்வப்போது டிக், டிக் என்று வெட்டும்.

இதற்கு வைத்தியம் இரண்டு. மிச்சமாகும் எண்களைச் சத்தமில்லாத நேரம் பார்த்து நைசாகத் தூக்கிப் போடுவது ஒன்று. வந்த ஒலியைக் காதுக்குத் தெரியாத அளவுக்கு நீட்டியோ சுருக்கியோ இந்தக் கடிகாரத்துக்குப் பொருத்துவது இன்னொன்று. இசைக்கு இரண்டாவதுதான் சரி. எனக்கு முதலாவது போதும். ராத்திரியில் அமைதிக்கா பஞ்சம்?

கடைசியில் என்ன செய்தேன்

ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். 20 மில்லிவிநாடிச் சத்தம் ஒரு பாக்கெட். அதாவது 320 எண்கள், 640 பைட், விநாடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றின் தலையிலும் வரிசை எண், எந்த நேரத்துச் சத்தம் என்ற நேரக்குறி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1996-ல் வந்த ஆர்டிபி என்ற விதிமுறை இதையேதான் 12 பைட்டில் செய்கிறது. ரகசியத்துக்காகத்தானே எஸ்எஸ்ஹெச் போட்டாய் என்று கேட்பீர்கள். பாக்கெட்டைத் தனித்தனியாகவும் பூட்டி அனுப்பலாம், அப்படித்தான் செய்கிறேன்.

மாடியில் வாங்கும் பக்கம் 5 பாக்கெட், அதாவது 100 மில்லிவிநாடி காத்திருந்து வாசிக்கும். பாக்கெட்டுகள் ஒரே சீராக வருவதில்லை, முன்னே பின்னே ஆகும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கத்தான் இந்தத் தாங்கல். இதைக் கூட்டினால் தாமதம், குறைத்தால் வெட்டு. நேரம் கடந்து வரும் பாக்கெட் குப்பைக்குப் போகும். தொலைந்த இடத்தில் முந்தைய பாக்கெட்டை லேசாகத் தேய்த்து வாசிக்கும். தாங்கலில் 10 பாக்கெட்டுக்கு மேல் சேர்ந்தால், அமைதியான பாக்கெட்டாகப் பார்த்துத் தள்ளிவிடும். எவ்வளவு நேரம் ஓடினாலும் தாமதம் கால் விநாடியைத் தாண்டுவதில்லை. வாரம் ஒரு முறை டம்ளரைத் தட்டிப் பார்க்கிறோம்.

முதல் முறை ஓடவிட்டபோது பயங்கரமான இரைச்சல் வந்தது. 2 பைட் எண்ணில் எந்த பைட்டை முதலில் அனுப்புவது என்பதை ஒரு பக்கம் தலைகீழாக எழுதியிருந்தேன். இந்தச் சண்டைக்கு பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்று பெயர் சூட்டி 1980-ல் ஒரு கட்டுரை எழுதியவரும் அதே டேனி கோஹன்தான். மனிதர் விடமாட்டேன் என்கிறார்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது கடைசியில் சேர்த்த பத்து வரியை. 2 விநாடிக்கு எந்தப் பாக்கெட்டும் வராவிட்டால் என் கணினி அலறும். அமைதிக்கு இரண்டு அர்த்தம் உண்டு. அப்பா தூங்குகிறார், அல்லது லேப்டாப் அணைந்துவிட்டது. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால் அமைதியாக இருக்கும்போதும் அந்த அமைதியைப் பாக்கெட்டாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று காலை என்னை ஏமாற்றியது தாமதம் மட்டும் இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நான் நம்பியதும்தான்.

அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும்டா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு காலிங் பெல் போடு" என்றாள். போட்டேன். கட்டிலோரம் சுவிட்ச், மாடியில் பெல், நடுவில் வெறும் ஒயர். கரண்ட் இருக்கும்வரை அதில் தாமதமும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. இப்போது இரண்டும் இருக்கின்றன. தூக்கக் கலக்கத்தில் அப்பாவுக்கு சுவிட்ச் எங்கே என்று தெரியாது, என் பெயர் தெரியும்.

அப்பா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். இருந்தாலும் தினமும் படுக்கப் போகும்முன், "தம்பி, கேக்குதாடா?" என்று மைக்கைப் பார்த்துக் கேட்பார். நான் அனுப்பும் ஏற்பாடு எதுவும் செய்யவில்லை, ஒருவழிதான். அதனால் மாடியில் தரையைக் காலால் இரண்டு தட்டு தட்டுவேன். கீழே அவருக்குக் கேட்கும்.

இரண்டு ஒலி அட்டைகளின் கடிகாரங்கள் உண்மையில் எவ்வளவு விலகுகின்றன என்று ஒரு மாதமாகக் குறித்து வருகிறேன். வெயில் ஏறினால் விலகலும் மாறுகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.